இடது கை தூக்கினவங்க

"எந்த வரியில உனக்குப் புரியாமப் போச்சு?"

யுவராணி அக்கா இப்படித்தான் கேட்டார். மொட்டை மாடியில் அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, குரூப் ஃபோர் தேர்வுக்கான கணக்குப் புத்தகத்தில் அரை மணி நேரமாக ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கிற கணக்கு. விடை போட்டிருந்தது. அது எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை.

"புரியலக்கா" என்றேன்.

"அது மூஞ்சியிலயே தெரியுது. எந்த வரியிலன்னு கேக்கறேன்."

மொத்தம் நாலு வரி. முதல் வரியில் விரல் வைத்தேன். எடுத்து மூன்றாவது வரியில் வைத்தேன். எல்லா வரியும் ஒரே மாதிரி இருந்தது. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் 'புரிஞ்சுதா, புரிஞ்சுதா' என்று கேட்டிருக்கிறார்கள். எங்கே புரியவில்லை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வரப்பார்த்தது.

அக்கா சொல்லிக்கொடுக்க உட்காரவில்லை. காலி வாளியைத் தூக்கிக்கொண்டு, "இப்ப சொல்லிக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல தேவி. சனிக்கிழமை எங்க காலேஜுக்கு வரியா? உன்ன மாதிரி ஒருத்திதான் எனக்கு வேணும்" என்றார்.

என் பெயர் தேவிப்பிரியா. வயது பத்தொன்பது. பிளஸ் டூ கணக்கில் ஒரு தடவை போய், துணைத்தேர்வில் முப்பத்தெட்டு வாங்கித் தேறினேன். அதற்குப் பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சட்டைக்கு பட்டன் சரிபார்த்தேன், கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் செல்போன் கடையில் நின்றேன், ஒரு கால் சென்டரில் பதினொரு நாள் இருந்தேன். எங்கேயும் என்னால் நிலையாக உட்கார முடியவில்லை. மேனாம்பேட்டில் கீழ் வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். மாடியில் யுவராணி அக்காவும் அசோக் மாமாவும் குடியிருக்கிறார்கள். மாமாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவர் வேலை முடிந்து ஏறி வரும்போது அக்கா வேலைக்கு இறங்கிப் போவார். படிக்கட்டில் சாவியைக் கை மாற்றிக்கொள்வார்கள். "சாம்பார் இருக்கு, சூடு பண்ணிக்கோங்க" என்பதைத் தவிர அந்த வீட்டில் நான் அதிகம் பேச்சைக் கேட்டதில்லை.

அக்காவின் வேலை, வாத்தியார் ஆகப்போகிறவர்களுக்கு வாத்தியார் வேலையைச் சொல்லிக்கொடுப்பது. பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்து, நாலு வருஷத்தில் பி.எஸ்சி., பி.எட். இரண்டையும் சேர்த்து வாங்குகிற படிப்பு அது. அதில் கணக்கு எப்படி நடத்துவது என்பதுதான் அக்காவின் பாடம். கல்லூரி ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற வழியில் இருக்கிறது. பதினேழு வருஷமாக அங்கேதான் இருக்கிறார். காலையில் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பஸ், ஆவடியில் இன்னொரு பஸ். இரண்டிலும் உட்கார இடம் கிடைத்தால் மடியில் ரெக்கார்டு நோட்டை விரித்துத் திருத்துவார். இடம் கிடைக்காவிட்டால் கம்பியில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த ரெக்கார்டு நோட்டு என்றால் என்ன என்று ஒரு நாள் பஸ்ஸில் காட்டினார். நாளைக்கு நடத்தப்போகிற பாடத்தை முன்கூட்டியே கட்டம் போட்டு எழுத வேண்டும். ஒரு கட்டத்தில் ஆசிரியர் என்ன கேட்பார், பக்கத்துக் கட்டத்தில் பிள்ளைகள் என்ன சொல்வார்கள். ஒருவருக்கு நாற்பது பாடம். ஐம்பத்திரண்டு பேர்.

"இந்தக் கட்டத்தைப் பாரு" என்று விரலை வைத்தார். 'மாணவர்கள் ஆர்வத்துடன் சரியான விடை கூறினர்' என்று எழுதியிருந்தது. அடுத்த நோட்டிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும்.

"இன்னும் நடத்தாத பாடம் இது. அதுக்குள்ள எல்லாரும் சரியாச் சொல்லிட்டாங்க. பதினேழு வருஷமா இந்தக் கட்டத்துல ஒரு பிள்ளைகூட 'தெரியல மிஸ்'ன்னு சொன்னதே இல்ல."

இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்தார்.

நான் கல்லூரிக்குப் போகப்போகிறேன் என்றதும் என் அம்மா முனியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பெயிலாப் போனவள கூப்ட்டு காலேஜ்ல ஒக்கார வெக்கிறாங்களா? இன்னா காலேஜுடி அது?"

"எனக்குப் புரியலன்னு சொல்றதுதான் வேலையாம்மா."

"அத நீ நல்லா செய்வ. போய் வா. ஊட்ல சும்மா கீறதுக்கு அதாவது செய்."

சனிக்கிழமை அந்த வகுப்பில் நுழைந்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. நான்காம் வருஷ மாணவர்கள். என்னைவிட இரண்டு வயது பெரியவர்கள், அவ்வளவுதான். எல்லாரும் டீச்சர் மாதிரி காட்டன் புடவையிலும் இன் செய்த சட்டையிலும் இருந்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த சரண் என்கிற பையன் பக்கத்தில் இருப்பவனிடம், "யார்ரா மச்சான் இது, புது மேடமா?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

"மேடம் இல்ல சரண். இவங்க ஏழாங்கிளாஸ்" என்றார் அக்கா. "நீதான் இன்னிக்கு மொதல்ல நடத்தப்போற. வா."

அங்கே ஒரு பழக்கம். ஒருவர் ஆறு நிமிஷம் பாடம் நடத்துவார். மற்றவர்கள் பள்ளிப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். நடிப்பு என்றால் சரியான நடிப்பு. ஒருவன் "சார், ஒண்ணுக்கு" என்று ஒற்றை விரலைக் காட்டினான். ஒருத்தி முன்னால் இருப்பவளின் சடையை இழுத்தாள். ஆனால் கேள்வி கேட்டால் மட்டும் எல்லாருக்கும் விடை தெரிந்திருந்தது.

சரண் பலகையில் அதே கணக்கைப் போட்டான். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது. "ரெண்டாவது பின்னத்தை அப்படியே தலைகீழாத் திருப்பி, வகுத்தலைப் பெருக்கலா மாத்திடணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!" என்று ஐம்பது பேரும் ராகம் போட்டார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். "தேவி?"

"ஏன் திருப்பணும்?" என்று கேட்டேன்.

சரண் பலகையைப் பார்த்தான். "அது ரூலுங்க."

"யார் போட்ட ரூல்?"

"எங்க மிஸ் போட்டாங்க."

"அவங்களுக்கு?"

"அவங்க மிஸ்ஸு" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்காமல், "போய் உக்காரு. வேற யாருக்காவது தெரியுமா?" என்றார். ஒரு கையும் எழவில்லை. நாலு மாதத்தில் டீச்சராகப் போகிற ஐம்பத்திரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வனஜா நடத்தினாள். திருத்தணிப் பக்கத்துக் கிராமம், ஹாஸ்டலில் இருந்து படித்தவள். குரலே வெளியில் வராது. நீல ரிப்பன் ஒன்றை எடுத்து மேஜைமேல் நீட்டினாள். "இது அரை மீட்டர். கால் மீட்டர், கால் மீட்டரா வெட்டினா எத்தனை துண்டு வரும்?" இரண்டு வரும் என்று எனக்கு உடனே தெரிந்தது. "அவ்வளவுதாங்க வகுத்தல். எத்தனை தடவை உள்ள அடங்கும்ன்னு கேக்கறோம். ஒரு மீட்டர்ல கால் மீட்டர் நாலு துண்டு. அரை மீட்டர்ல அதுல பாதி. நாலைப் பாதியால பெருக்கறோம், பாருங்க." அப்போதுதான் எனக்கு நான் நின்றுபோன வரி தெரிந்தது. இரண்டாவது வரி. வகுத்தல் அடையாளம் பெருக்கல் அடையாளமாக மாறுகிற இடம். ஏழாம் வகுப்பில் அந்த வரியில் நான் நின்றுவிட்டேன், வகுப்பு மேலே போய்விட்டது.

நான் இதைச் சொன்னதும் வனஜா வெட்கப்பட்டு ரிப்பனைச் சுருட்டினாள். அக்கா எழுந்து, "இனிமே எல்லாருக்கும் இதான். கிளாஸுக்குள்ள நுழைஞ்சதும் தெரியாதவங்க யாருன்னு மொதல்ல தேடுங்க. தெரிஞ்சவங்க எங்கயும் ஓடிப்போக மாட்டாங்க" என்றார்.

ஏழெட்டு சனிக்கிழமை போனேன். யார் பாடம் நடத்தினாலும் முதலில் என் பக்கம்தான் திரும்புவார்கள். சரண் ஒரு நாள் டீக்கடையில் கையெடுத்துக் கும்பிட்டான். "தாயே, இன்னிக்கு ஒரு நாள் புரிஞ்ச மாதிரி தலையாட்டு. ஆவடில பரோட்டா வாங்கித் தரேன்."

"பரோட்டா தின்னாலும் புரியலன்னா புரியலதான்."

"மாமே, இவளுக்குப் புரிய வெச்சுட்டா நாம கலெக்டருக்கே கிளாஸ் எடுக்கலாம்டா" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்.

இதையெல்லாம் படித்துவிட்டு அக்காவைப் பெரிய லட்சியக்காரர் என்று நினைக்க வேண்டாம். சனிக்கிழமை காலை மட்டும்தான் அவர் அப்படி இருப்பார். ஒரு நாள் மத்தியானமும் இருந்து பார்த்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, ஓரம் பழுத்த ஒரு நோட்டிலிருந்து 'கற்பவரை மையமாகக் கொண்ட கல்வி' என்ற பாடத்தை வரி வரியாகச் சொல்லி எழுத வைத்தார். பாதிப் பேர் தூங்கினார்கள். அவரே ஒரு வரியை இரண்டு தடவை சொன்னார், யாரும் கவனிக்கவில்லை, இரண்டு தடவையும் எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "என்ன பாக்கற? நின்னு நடத்தக் கால் தாங்கல" என்றார். செருப்பு வார் பதிந்த இடத்தில் பாதம் வீங்கியிருந்தது.

அவருக்கு ஒரு பயம் இருந்தது. அந்தக் கல்லூரியில் அவர் நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு மே மாதமும் ஒரு தாள் வரும். அடுத்த வருஷமும் இந்தப் பாடத்துக்கு நீங்கள்தான் என்று. அதை ஆர்டர் என்பார்கள். ஆர்டர் வந்தால்தான் ஜூனில் வகுப்பு. முந்தின வருஷமே அது தள்ளாடித்தான் வந்தது. அதற்குக் காரணம் செய்முறைத் தேர்வு.

கடைசி வருஷத்தில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை வேனில் கூட்டி வந்து உட்கார வைப்பார்கள். அவர்களுக்கு மாணவர்கள் பாடம் நடத்த, தேர்வாளர் மார்க் போடுவார். கேள்வி கேட்டதும் வகுப்பே கை தூக்கினால் பார்க்க நன்றாக இருக்கும் அல்லவா? அதற்காக முதல் நாளே பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுப்பார்கள். எல்லாரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தால் வலது கை. தெரியாவிட்டால் இடது கை. நடத்துகிறவர் வலது கைகளாகப் பார்த்து எழுப்பிக் கேட்பார். தேர்வாளருக்குக் கைகள் மட்டும் தெரியும்.

போன வருஷம் அக்கா தன் பாடத்தில் இது கூடாது என்று தடுத்துவிட்டார். பாதி வகுப்பு கை தூக்காமல் உட்கார்ந்திருந்தது. மூன்று பேருக்கு நூற்றுக்கு அறுபதுக்குப் பக்கத்தில்தான் மார்க் வந்தது. இந்த வருஷம் முதல்வர் இருதயராஜ் சார் அவரைக் கூப்பிட்டு, "மேடம், உங்க கொள்கையில தப்பு சொல்லல. போன வருஷம் இருபது சீட்டு காலியாக் கிடந்துது. மார்க்கைப் பாத்துதான் பசங்க சேர்றாங்க. இந்தத் தடவையும் இப்படின்னா மே மாசம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாராம். அவரும் ரொம்பக் களைத்துப்போன மனிதர்தான் என்று அக்காவே சொன்னார்.

தேர்வுக்கு முதல் நாள். கடைசி ஒத்திகைக்கு வரச் சொல்லி வனஜா கூப்பிட்டிருந்ததால் போனேன். கல்லூரி வாசலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். இருதயராஜ் சாரே முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சா?"

"ரைட்டு!" கைகள் எழுந்தன.

"தெரியலன்னா?"

"லெஃப்ட்டு!"

நான் ஆசிரியர் அறைக்கு ஓடினேன். அக்கா ரெக்கார்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, வெளிய ரைட்டு லெஃப்ட்டு சொல்லிக் குடுக்கறாங்க."

"தெரியும்."

"போய்ச் சொல்லுங்கக்கா, வேணாம்னு."

"நான்தான் சரின்னேன் தேவி." பேனாவை மூடி வைத்தார். "பசங்ககிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு வலது கை மட்டும் கேளுங்கன்னு."

"நீங்களாக்கா?"

"நான்தான். நாப்பத்தாறு வயசு ஆச்சு. இதை விட்டா இன்னொரு காலேஜ் வாசல்ல போய் நின்னு, எனக்கு நடத்த வரும்னு நடத்திக் காட்ட என்னால முடியாது. எனக்கு அந்த கிளாஸ் வேணும். சனிக்கிழமை கிளாஸ். அதுக்கு இது விலைன்னா குடுத்துட்டுப் போறேன்." நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "திட்டணும்னா திட்டு. மெதுவாத் திட்டு. தலை வலிக்குது" என்றார்.

நான் திட்டவில்லை. வெளியே வந்தேன். கோபமாக இருந்தது. அதே சமயம் அந்தக் கால் வீக்கமும் கண் முன்னால் நின்றது.

மறுநாள் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். வனஜா காலையிலேயே போன் செய்து, "பின்னாடி வந்து உக்காருங்க, எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள். போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். தேர்வாளர் முன்கூட்டியே வந்திருந்தார். வேட்டி மடிப்புக் கலையாத, அதிகம் பேசாத மனிதர். சரண் முதலில் நடத்தினான். கேள்வி கேட்டான், நாற்பது கையும் எழுந்தது, வலது கையாகப் பார்த்து எழுப்பினான், பளிச்சென்று விடை வந்தது. தேர்வாளர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். கதவருகே இருதயராஜ் சாரின் முகத்தில் பல நாள் கழித்து ஒரு நிம்மதி. அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

இரண்டாவது வனஜா. வகுத்தலைத்தான் எடுத்திருந்தாள். காகிதப் பட்டையை மடித்துக் காட்டி, "அரைக்குள்ள எத்தனை கால் இருக்கு?" என்று கேட்டாள். எல்லாக் கைகளும் எழுந்தன.

அவள் கண் வகுப்பு முழுக்க ஒரு சுற்று வந்தது. நின்றது. எங்கே நிற்கும் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அத்தனை சனிக்கிழமையும் அப்படித்தானே தேடினாள்.

"ரெண்டாவது பெஞ்ச், ஓரத்துல. நீ சொல்லும்மா."

ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண். சபீனா என்று சட்டையில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. எழுந்து பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிட்டார்களோ என்று. பிறகு தூக்கிய கையை இறக்காமல், "மிஸ், நான் லெஃப்ட்டு" என்றாள்.

"என்னம்மா?"

"நான் லெஃப்ட் கை தூக்கியிருக்கேன் மிஸ். என்ன கேக்கக் கூடாது."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "லெஃப்ட் கைன்னா என்னம்மா?" என்று சபீனாவையே கேட்டார்.

"தெரிஞ்சா ரைட்டு, தெரியலன்னா லெஃப்ட்டு சார். நேத்து பெரிய சார் சொல்லிக் குடுத்தாரு." அவள் சரியான விடை சொன்ன பெருமையோடு கதவருகே கை காட்டினாள்.

இருதயராஜ் சார் தொண்டையைச் செருமினார். தேர்வாளர் அவரைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தார். "மேடம், இது உங்க பாடம்தானே? உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா எழுந்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பெரிய சாரின் தலையில் விழுந்திருக்கும். "தெரியும் சார். என் சம்மதத்தோடதான் நடந்துது" என்றார்.

தேர்வாளர் வனஜாவிடம், "நேரம் இருக்கு. நடத்தும்மா" என்றார்.

வனஜா காகிதப் பட்டையோடு சபீனா பக்கத்தில் போய்க் குனிந்தாள். "எது வரைக்கும் தெரிஞ்சுது? அதுல இருந்து போலாம்" என்றாள். இரண்டு பேரும் பட்டையை மடித்தார்கள், பிரித்தார்கள். சபீனா மடிப்பை விரலால் தொட்டு எண்ணி, "ரெண்டு மிஸ்" என்றாள். "அப்ப முக்காலுக்குள்ள?" மறுபடி மடிப்பு, மறுபடி எண்ணிக்கை. "மூணு." சபீனா சிரித்தாள். அடுத்த கேள்விக்குப் போவதற்குள் மணி அடித்துவிட்டது. பலகையில் விதி எழுதவில்லை. வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை. ரெக்கார்டில் எழுதிய பாடத்தில் பாதிகூட முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். பயந்துபோன பிள்ளைகள் எந்தக் கையையும் தூக்கவில்லை. எத்தனை கேள்வி கேட்டாலும் நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வராந்தாவில் இருதயராஜ் சார் வனஜாவை நிறுத்தினார். "ஏம்மா, ரைட்டு எது லெஃப்ட்டு எதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். பழக்கத்துல..."

"என்ன பழக்கம்?"

வனஜா அக்காவைப் பார்த்தாள். அக்கா அப்போது ஏதாவது சொல்வார் என்று நானும் எதிர்பார்த்தேன். அவர் ரெக்கார்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். வனஜா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

திரும்பி வரும்போது ஆவடி பஸ்ஸில் இடம் கிடைத்தது. அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மடியிலிருந்து ரெக்கார்டுகள் சரியாமல் நான் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மார்க் வந்தது. வனஜாவுக்கு ஐம்பத்தொன்பது. மற்றவர்களுக்கும் போன வருஷத்தைவிடக் குறைவு. மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வனஜாவைக் கிழித்துவிட்டார்களாம். 'உன்னாலதான் எல்லாருக்கும் போச்சு, மேடம் வேலையும் போகப்போவுது' என்று எழுதினார்களாம். சரண்தான் எனக்குச் சொன்னான். அவனும் முதலில் ஒரு கிண்டல் போட்டானாம், பிறகு அழித்துவிட்டானாம். வனஜா குழுவிலிருந்து வெளியேறினாள். ஹாஸ்டலைக் காலி செய்து ஊருக்குப் போனாள். நான் போன் அடித்துப் பார்த்தேன், அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

மே கடைசியில் அக்காவுக்கு ஆர்டர் வந்தது. படிக்கட்டிலேயே நின்று பிரித்தார். வேலை இருந்தது, வகுப்பு இல்லை. கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான கோப்புகளைத் தயாரிக்கும் பொறுப்பு என்று போட்டிருந்தது. அவருடைய பாடம் வேறு ஒருவருக்கு. 'ஒழுங்கு மீறலை அவரே ஒப்புக்கொண்டதால்' என்று ஒரு வரியும் இருந்தது.

அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா யுவராணி, வேல கீதா?" என்று கேட்டாள்.

"இருக்குக்கா. ஆபீஸ்ல ஒக்காந்து பாக்கற வேலை."

"அப்போ நல்லதுதான? காலு வீங்காது."

"ஆமாக்கா. வீங்காது" என்றார் அக்கா. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மேலே போனார்.

ஜூனில் வேறு கல்லூரி தேடுவாரா என்று கேட்டேன். "போய்க்கினே இருக்கேன், அது போதும்" என்றார். இப்போதும் அதே இரண்டு பஸ்தான். ரெக்கார்டு இல்லாததால் இரண்டிலும் தூங்குகிறார். சனிக்கிழமை விடுமுறை. எனக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது, நாலு மாதமாக நிற்கிறேன்.

போன வாரம் அக்காவிடம் வனஜாவைப் பற்றிக் கேட்டேன். காலேஜ் பதிவேட்டில் அவளுடைய வீட்டு விலாசம் இருக்கும், ஒரு கடிதமாவது போடலாமே என்றேன்.

"என்னன்னு எழுதறது? நான் முந்தின நாள் சொன்னதைக் கேக்காம, அத்தனை சனிக்கிழமையும் சொன்னதைக் கேட்டுட்டன்னா?" அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ அன்னிக்குப் பண்ணதுதான் பாடம். அதைத்தான் பதினேழு வருஷமாக் கேட்டுக்கினு இருந்தேன். வராந்தாவுல சார் திட்டினப்பவே நான் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். இப்ப எந்த மூஞ்ச வெச்சுக்கினு எழுதறது?"

"நான் எழுதட்டுமாக்கா?"

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் இதை எழுதியிருக்கிறேன்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. எங்கேயாவது புரியவில்லை என்றால் எந்த வரி என்று எனக்குச் சொல்லுங்கள், திருத்துகிறேன். புரிந்துவிட்டால் எனக்காக ஒன்று செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது பி.எட். படித்துக்கொண்டிருப்பார்கள், அல்லது திருத்தணிப் பக்கம் ஏதாவது ஒரு பள்ளியில், டியூஷனில் புதிதாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இதை அனுப்புங்கள். படிக்காதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். பதிவேட்டில் ஹாஸ்டல் விலாசம்தான் இருந்தது; வனஜா இப்போது எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. மேடம் உன்மேல் கோபமாக இல்லை என்று யாராவது ஒருவர் மூலமாக அவளுக்குப் போய்ச் சேர வேண்டும்.